முதல் நாலு

போன வருடம் மார்ச் மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, செவிலியர் கல்லூரியின் இரண்டாம் மாடியில் இருக்கும் செய்முறைப் பயிற்சிக்கூடத்தில் காலை எட்டே முக்காலிலிருந்து மாலை நாலரை வரை குழாயில் தண்ணீர் வரவில்லை.

இந்தத் தகவல் பயிற்சிக்கூடத்தின் தினப் பதிவேட்டில் நீல மையில், கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் லேப் அக்காவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்தது. லேப் அக்கா எதையும் எழுதாமல் விடமாட்டார். மின்விசிறி முனகினால் எழுதுவார். பயிற்சிக்கான நோயாளிப் பொம்மையின் கை கழன்றால் எழுதுவார், மாட்டிய பிறகு அதையும் எழுதுவார். அந்தப் பதிவேட்டை யாரும் படிப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

பதினொரு மாதம் கழித்து ஒருத்தி அதைப் படித்தாள். அந்தக் கல்லூரியின் ஆசிரியை, வயது நாற்பத்தேழு. சுகாதாரத் தொழிற்கல்வியில் ஆன்லைன் வழியாக முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சேர்ந்து மூன்றரை வருடம் ஆகியிருந்தது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஏழு வாரம் பாக்கி.

அந்த மூன்றரை வருடத்தை அவள் எப்படி ஓட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. காலை ஏழு மணிக்கு மாணவிகளோடு வார்டு, பத்தரைக்கு வகுப்பு, பிற்பகல் பயிற்சிக்கூடம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் கட்டுரை வாசிப்பாள், கிடைக்காவிட்டால் நின்றபடியே கண்ணை மூடிக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமைகளில் பல்கலைக்கழகத்தின் இணைய அரங்கில் ஒரு கருத்து எழுத வேண்டும், மற்றவர்கள் எழுதிய இரண்டுக்குப் பதில் போட வேண்டும். யாரோ ஒரு பல் மருத்துவர் எழுதியதற்கு இவள் "ஆழமான பார்வை" என்று எழுதுவாள். இவள் எழுதியதற்கு அவர் "சிந்திக்க வைத்தது" என்று எழுதுவார். இருவரும் மற்றவர் எழுதியதை முழுதாகப் படித்ததில்லை என்பதில் ஒரு நாகரிகமான உடன்பாடு இருந்தது. தொடங்கும்போது பதினொரு பேர். இப்போது நாலு பேர். பல் மருத்துவரும் போன வருடம் கழன்றுகொண்டார்.

வீட்டில் அவளுக்கு 'பாதி டாக்டர்' என்று பெயர். வைத்தது மகள். கல்லூரியில் முதலாம் ஆண்டு படிக்கும் மகள் தன் பாடத்தை முடித்துவிட்டுப் படுக்கப் போகும்போது, "என்ன பாதி டாக்டர், இன்னும் ஹோம்வொர்க் முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போவாள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் வருடம் 'எப்ப முடியும்' என்று கேட்டுக்கொண்டிருந்தவர், இரண்டாவது வருடத்திலிருந்து கேட்பதை நிறுத்திவிட்டார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆய்வுக்கு அவள் எடுத்துக்கொண்ட விஷயம் சின்னது. செய்முறைத் தேர்வில் மாணவி நோயாளிக்குச் செய்யும் ஒவ்வொரு காரியத்தையும் தேர்வாளர் ஒரு தாளில் சரிபார்த்து டிக் போடுவார். மொத்தம் இருபத்திரண்டு கட்டம். இந்த முறையால், காரியம் தொடங்கும் முன் கை கழுவும் பழக்கம் மாணவிகளிடம் படிந்திருக்கிறதா? மூன்று வருடத்துத் தாள்களைச் சேர்த்துப் பார்த்தாள். நானூற்றுப் பன்னிரண்டு தாள். அவற்றில் நானூற்று ஐந்தில் கை கழுவும் கட்டத்தில் டிக் இருந்தது. பழக்கம் ஆழமாகப் படிந்துவிட்டது என்று நான்காம் அத்தியாயத்தில் எழுதியிருந்தாள். ஆய்வேட்டின் முதுகெலும்பே அந்த அத்தியாயம்தான்.

வழிகாட்டி ஓய்வுபெற்ற மருத்துவப் பேராசிரியர். வேறொரு நாட்டில் இருந்தார். இதுவரை திரையில் மட்டுமே பார்த்த மனிதர். தேர்வு நடந்த கூடம் எப்படி இருக்கும், எத்தனை கட்டில், எத்தனை குழாய் என்று பின்னிணைப்பாக ஒரு பக்கம் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அதற்காகத்தான் அவள் பதிவேட்டைப் புரட்டினாள்.

"அக்கா, இந்தப் பதினாலாம் தேதி எக்ஸாம் நடந்துச்சே?"

"நடந்துச்சு மேடம். மோட்டார் போயிடுச்சுன்னு நான்தானே வந்து சொன்னேன். நீங்க டீ குடிச்சிட்டிருந்தீங்க. 'சரி அக்கா, பார்த்துக்கலாம்'னீங்க."

"பக்கெட்ல தண்ணி எடுத்து வெச்சீங்களா?"

"யாரும் கேக்கலையே. கேட்டிருந்தா கீழேருந்து தூக்கிட்டு வந்திருப்பேன். கேக்கலைன்னும் எழுதியிருக்கேன், கீழ பாருங்க."

பார்த்தாள். எழுதியிருந்தது.

இரும்பு அலமாரியிலிருந்து அன்றைய தேர்வுத் தாள்கட்டை எடுத்தாள். அறுபத்துநாலு மாணவிகள், அறுபத்துநாலு தாள். நான்காவது கட்டம்: சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவுகிறார். அறுபத்துநாலிலும் டிக். முப்பத்திரண்டு தாளின் அடியில் இருந்தது அவளுடைய கையெழுத்து.

அந்தக் கல்லூரியில் இதற்கு 'முதல் நாலு' என்று பெயர். தேர்வு நாளில் காலை எட்டரைக்குத் தேர்வாளர்கள் வந்து உட்காருவார்கள். டீ வரும். முதல் மாணவி உள்ளே வருவதற்குள் ஒவ்வொரு தாளிலும் முதல் நான்கு கட்டங்களுக்கு டிக் போட்டுவிடுவார்கள். வணக்கம் சொல்லித் தன் பெயரைச் சொல்கிறார், நோயாளியின் பெயரைச் சரிபார்க்கிறார், சம்மதம் கேட்கிறார், கை கழுவுகிறார். எல்லாரும் செய்யத்தான் போகிறார்கள், அதற்கு ஏன் தலை நிமிர்ந்து பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டும்? ஒரு மாணவிக்குப் பன்னிரண்டு நிமிடம்தான். யார் தொடங்கியது என்று தெரியாது. இவள் வேலைக்குச் சேர்ந்த முதல் தேர்விலேயே, பக்கத்து நாற்காலியிலிருந்து "முதல் நாலு போட்டாச்சா?" என்று கேட்டார்கள். போட்டாள். பத்தொன்பது வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆய்வுத் திட்டம் எழுதும்போது இது அவள் நினைவுக்கே வரவில்லை. மறைக்கவில்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான். கண் சிமிட்டுவதை யாராவது குறித்துவைப்பார்களா?

மறுநாள் மதியம் ஆசிரியர் அறையில் ஹெட்லைட்டிடம் சொன்னாள். பெரிய கண்ணாடிக்காக மாணவிகள் வைத்த பெயர் அது. குழந்தைகள் பிரிவு ஆசிரியை. மீதி முப்பத்திரண்டு கையெழுத்து ஹெட்லைட்டுடையது. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

ஹெட்லைட் டிபன் டப்பாவை மூடிவிட்டுக் கேட்டாள். "இப்ப என்னடி பண்ணணுங்கற?"

"தெரியல."

"தெரியலைன்னு சொல்ற மூஞ்சியா இது? கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொல்லப்போற மூஞ்சி மாதிரி இருக்கு."

"நானூத்தி அஞ்சுன்னு எழுதி வெச்சிருக்கேன். அது நாம டீ குடிச்சுக்கிட்டே போட்ட நம்பர்."

"சரி, அந்த ஒரு நாளைத் தூக்கிப் போடு. அன்னைக்குத் தண்ணி வரல, அதனால அந்தத் தாளைச் சேர்க்கலைன்னு எழுது. பொய்யா அது? நெஜந்தானே? அறுபத்துநாலு போனா மிச்சம் எவ்வளவு இருக்கு?"

"முன்னூத்து நாப்பத்தெட்டு."

"அப்புறம் என்ன? உன் கைடுக்கு அதுவே ஜாஸ்தி. இங்க பாரு, நீ பட்டம் வாங்கு, நான் கை தட்டுறேன். ஆனா முதல் நாலுன்னு ஒரு வார்த்தை உன் தீசிஸ்ல வந்துச்சுன்னா நான் இந்த ரூமை விட்டு மாத்திக்கிட்டுப் போயிடுவேன். ரிட்டயராக எனக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு."

ஹெட்லைட் சொன்னபடியே இவள் செய்தாள். 'பயிற்சிக்கூடத்தில் தண்ணீர் வராத காரணத்தால் ஒரு நாளின் தாள்கள் ஆய்விலிருந்து நீக்கப்பட்டன.' படிக்க அழகாகவே இருந்தது. எதையும் ஒளிக்காத வரி போல இருந்தது. மிச்சமுள்ள தாள்களை வைத்து மறுபடி கணக்கு ஓட்டினாள். முன்னூற்று நாற்பத்தெட்டில் முன்னூற்று நாற்பத்தொன்று. கை கழுவாதவர்கள் அதே ஏழு பேர்.

அந்த ஏழு தாளையும் தனியாக எடுத்து வைத்துப் பார்த்தாள். ஏழிலும் ஒரே கையெழுத்து. வெளிக் கல்லூரியிலிருந்து ஒரே ஒரு நாள் வந்துபோன தேர்வாளர், ஒல்லியான இளைஞர். அவர் டீயை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு மாணவியையே பார்த்துக்கொண்டிருந்தார் என்பது இவளுக்கு ஞாபகம் இருந்தது. முதல் நாலைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆய்வேட்டில் அவருக்கென்று ஒரு பத்தியே ஒதுக்கி, 'அளவுக்கு மீறிய கறார். தேர்வாளர் வேறுபாடாகக் கருதலாம்' என்று எழுதியிருந்தாள். அவர் அன்று மொத்தம் எத்தனை பேருக்குத் தேர்வு நடத்தினார் என்று எண்ணினாள்.

பத்துப் பேர்.

அன்று மாலை வீட்டில் கணவர் அழுக்குச் சட்டையோடு சமையலறை வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சட்டைப் பையில் லிஃப்ட் பராமரிப்பு அட்டை ஒன்று மடிந்து கிடந்தது. அதிலும் கட்டங்கள், டிக்குகள்.

"ஏங்க, இதெல்லாம் பார்த்துட்டுத்தான் டிக் பண்ணுவீங்களா?"

அவர் சிரித்தார். "இன்ஸ்பெக்டர் கேக்குறாரா, பொண்டாட்டி கேக்குறாளா?"

"பொண்டாட்டி."

"லைட்டு, ஃபேனு, கண்ணாடி, பட்டன், இதெல்லாம் லிஃப்ட்ல ஏறும்போதே போட்டுடுவோம். பிரேக் மட்டும் பார்த்துட்டுத்தான்."

"ஏன் பிரேக் மட்டும்?"

"என்ன கேள்வி இது? அது புடிக்கலைன்னா ஆள் போயிடுவான்ல?"

பின்னாலிருந்து மகள், "அப்பாகிட்டயும் ஆராய்ச்சியா? விட்டுடும்மா, பாவம், அவரு இன்னும் கை கால் கூடக் கழுவல" என்றாள். கணவர் குளிக்கப் போனார். அவள் அடுப்பை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். வார்டில் போன மாதம் அறுவைக்காயம் சீழ் பிடித்து ஒன்பது நாள் கூடுதலாகப் படுத்திருந்த ஒரு பெண்மணி ஞாபகத்துக்கு வந்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நிரூபிக்க முடியாது. இல்லை என்றும் நிரூபிக்க முடியாது. அவளுக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

வியாழக்கிழமை நாலரை மணிக்கு வழிகாட்டியோடு சந்திப்பு. கல்லூரியில் இணையம் ஒழுங்காக எடுப்பது பயிற்சிக்கூடத்தில் மட்டும்தான். எனவே இந்த மூன்றரை வருடமும் அவள் பொம்மை நோயாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் படித்தாள். முதல் சந்திப்பில் வழிகாட்டி பதறிப்போய், "பின்னாடி ஒருத்தர் படுத்திருக்காரே, அவரை யாராவது பாருங்கம்மா" என்று சொன்னது வகுப்பில் பிரசித்தம். இப்போதெல்லாம் "பேஷன்ட் எப்படி இருக்கார்?" என்று அவரே முதலில் விசாரிப்பார்.

அன்றும் விசாரித்தார். அவருடைய ஊரில் காலை நேரம். ஜன்னல் வழியே வெயில் அவர் காதில் விழுந்தது. திருத்திய அத்தியாயத்தைத் திறந்து வைத்திருந்தார்.

"இந்தத் தண்ணி விஷயத்தை நீங்களாவே கண்டுபிடிச்சு எழுதியிருக்கீங்க பாருங்க, ரொம்ப சந்தோஷம். நூத்துக்குத் தொண்ணூறு பேரு இதைக் கண்டுக்காம போயிடுவாங்க. நேர்மைங்கறது இதுதான்."

அவளும் தன் பக்கம் அதே அத்தியாயத்தைத் திறந்தாள்.

"சரி, ஒரே ஒரு சந்தேகம். கமிட்டில கேப்பாங்க, அதுக்காகக் கேக்குறேன். மத்த நாள்ல எல்லாம் நேர்ல பார்த்துத்தானே டிக் போட்டீங்க?"

'ஆமா சார்' என்றால் போதும். ஒரு விநாடி வேலை. அவர் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். ஏழு வாரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தூங்கலாம்.

"இல்ல சார்."

"கேக்கல. நெட் கட் ஆகுது."

"இல்ல சார்னேன். எந்த நாளும் பார்த்துப் போடல. மாணவி வர்றதுக்கு முன்னாடியே முதல் நாலு கட்டத்தையும் போட்டுடுவோம். எங்க வழக்கம் அது."

வழிகாட்டி கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாத் தாள்லயுமா?"

"பத்துத் தாளைத் தவிர. அந்தப் பத்தை வெளியிலேருந்து வந்தவர் பார்த்தார். பத்துல ஏழு பேர் கை கழுவல."

"நீங்க 'கறார்'னு எழுதினீங்களே, அவரா?"

"அவர்தான் சார்."

திரை உறைந்துவிட்டதோ என்று அவள் சந்தேகப்பட்டாள். பிறகு அவர் கை அசைந்தது.

"இதை நான் கமிட்டிக்கு எழுதியாகணும்மா. வேற வழியில்ல."

"தெரியும் சார்."

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அதுவும் தெரியும் சார்."

"காலேஜ்ல பிரச்சினை வருமா?"

"வரும்."

மடிக்கணினியை மூடினாள். பாரம் இறங்கியது என்று சொல்வதற்கில்லை. பசித்தது. கழுத்து வலித்தது. லேப் அக்கா சாவிக் கொத்தோடு வாசலில் நின்று, "பூட்டலாமா மேடம்? அஞ்சே கால்னு எழுதணும்" என்றார். "எழுதுங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் காலையிலேயே, வெளியில் இருந்து தெரியவருவதற்குள், முதல்வரிடம் போய் நேரில் சொன்னாள். முதல்வர் முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, "இத்தனை வருஷத்துல இது உங்களுக்கு மட்டும்தான் தப்பாத் தெரிஞ்சுதா?" என்றார். ஹெட்லைட் அந்த வாரமே தன் மேசையை முதல் மாடிக்கு மாற்றிக்கொண்டாள். சண்டை போடவில்லை. மேசையைத் தூக்க இரண்டு பேர் வந்தபோது, "அந்த டிராயரைப் பார்த்துத் தூக்குங்கப்பா, கழண்டுக்கும்" என்று மட்டும் சொன்னாள், இவளைப் பார்க்காமல்.

ஆய்வுக் குழுவின் கடிதம் ஏப்ரல் இரண்டாம் தேதி வந்தது. நானூற்றுப் பன்னிரண்டு தாள்களும் ஏற்கப்படவில்லை. நான்காம் அத்தியாயம் நீக்கப்பட்டது. இரண்டு வெளித் தேர்வாளர்கள் நேரில் பார்த்துப் பதிவுசெய்யும் புதிய தரவோடு மறுபடி எழுத வேண்டும். பதினெட்டு மாதம் நீட்டிப்பு. கல்லூரி ஒட்டிய ஜூன் மாதச் செய்முறைத் தேர்வுக்கான பணிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. நீட்டிப்புக்குச் சம்மதம் என்று எழுதி, ஏப்ரல் பதிமூன்றாம் தேதி மதிய இடைவேளையில் கடிதத்தை அனுப்பினாள்.