பட்டாம்பூச்சி வீட்டுக்காரர்

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்கு ஒரு விஷயத்தில் சந்தேகமே கிடையாது. எங்கிருந்தோ எங்கேயோ போகிற பட்டாம்பூச்சிகள் இலையுதிர் காலம் தோறும் ஆயிரக்கணக்கில் அவர் கொல்லையில் இறங்கித் தங்குவது அவருடைய நல்ல குணத்துக்காகத்தான். வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி வீடு. அங்கே ஒன்றுகூட எட்டிப் பார்ப்பதில்லை. பாகப்பிரிவினையில் கிணற்றை அமுக்கிக்கொண்டவன் வீட்டுக்கு எந்தப் பூச்சி வரும்? அவனோடு பேச்சை நிறுத்திப் பதினோரு வருஷம் ஆகிறது.

"அதுங்க நம்ம கிலுகிலுப்பைச் செடிக்குத்தாங்க வருது. காய்ஞ்ச தண்டுல உக்காந்து உறிஞ்சுறதை நான் தினம் பாக்கறேனே," என்றாள் மனைவி.

"ஒரு களைக்காக இத்தனை தூரம் பறந்து வருமா? நீ சும்மா இரு."

இந்த வருஷம் பத்திரிகைக்காரர் ஒருவர் படம் எடுக்க வருவதாகச் சொல்லிவிட்டார். போஸ்ட்மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைச் சட்டையோடு தான் நிற்கப்போகிற இடத்தில் களை இருந்தால் ஊர் சிரிக்காதா? பத்து நாள் முன்பே கிலுகிலுப்பையை ஒரு செடி விடாமல் பிடுங்கினார். தம்பி வேலைக்குப் போயிருந்த நேரம். அத்தனையையும் அள்ளி அள்ளி வேலிக்கு மேலே வீசினார். மனசு குளிர்ந்துவிட்டது, அதை மறைப்பானேன்.

பத்திரிகைக்காரர் வந்த அன்று கொல்லை துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. மருந்துக்குக்கூட ஒரு பூச்சி இல்லை. வேலிக்கு அந்தப் பக்கமோ, காய்ந்து கிடந்த குப்பை கண்ணுக்கே தெரியவில்லை. அவ்வளவும் இறக்கை. "மன்னிக்கணும் சார்," என்று சொல்லிவிட்டுப் பத்திரிகைக்காரர் தம்பி வீட்டுக்கு நடையைக் கட்டினார்.

போஸ்ட்மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷமாகப் பார்த்தவரிடமெல்லாம் அளந்த பெருமை கண்ணெதிரே கைமாறிப் போகிறதே! வேலியோரம் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"இதுங்களை எப்படி வரவழைச்சீங்க?" என்று பத்திரிகைக்காரர் கேட்டார்.

"நான் எங்க சார் வரவழைச்சேன்?" என்றான் தம்பி. "எவனோ ஒரு கேடுகெட்டவன் குப்பையைக் கொண்டாந்து கொட்டிட்டுப் போயிருக்கான். அதுலதான் வந்து உக்காந்திருக்கு."

"அப்படின்னா பாராட்டெல்லாம் அவருக்குத்தான். யாருன்னு தெரிஞ்சா பேரைப் போட்டுடுவேன்."

மனைவி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வாயைத் திறக்காதீங்க."

அவரோ அதற்குள் வேலிக்கு மேலே எக்கிவிட்டார். "நான்தான்! கொட்டினது நான்தான்! எழுதிக்குங்க!"

தம்பி சாவகாசமாகத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியும்ணே. உங்க வாயாலேயே வரட்டும்னுதான் அப்படித் திட்டினேன்."