வேண்டாம் என்று சொல்லக்கூடாத மருந்து

ராபோலாஸுக்குத் தன் தேனீக்கள் மேல் இருந்த நம்பிக்கை பாதிரியார் மேல்கூட இருந்ததில்லை. தேனீப் பெட்டிச் சட்டங்களின் ஓரத்தில் அவை பூசி வைக்கும் பழுப்புப் பிசினைச் சுரண்டி, வோட்காவில் ஊறப்போட்டு, ஜன்னலோரம் பாட்டில் பாட்டிலாக அடுக்கியிருப்பார். பல்வலி, புண், இருமல், எது வந்தாலும் அதே பாட்டில்தான். கேட்காதவர்களுக்கும் கொடுப்பார், அதுதான் தொல்லை.

பக்கத்துப் பண்ணை டொமிட்சேலேயும் அவரும் தேனீ உறவு. என்றோ ஒரு கோடையில் அவருடைய தேனீக் கூட்டம் ஒன்று பறந்துபோய் அவளுடைய ஆப்பிள் மரத்தில் இறங்கியது. லித்துவேனியாவின் அந்த மூலையில், அப்படி இறங்கிவிட்டால் இரண்டு வீடும் சொந்தம். அந்தச் சொந்தத்தில் விலை பேசக்கூடாது, சண்டை போடக்கூடாது, கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லவும் கூடாது.

ஆகஸ்டில் வரும் மாதா திருவிழாவில் கோயிலில் தனியாகப் பாடுவது டொமிட்சேலேதான். வருஷம் முழுவதும் அவள் காத்திருப்பது அந்த ஒரு பாட்டுக்கு. இந்த முறை ஜூலையிலேயே தொண்டை கட்டிக்கொண்டது. ராபோலாஸ் பாட்டிலும் கையுமாகப் போய் நின்றார்.

"இதுல என்னதான்யா இருக்கு? தார் மாதிரி நாறுது."

"பாப்லர் மரத்து மொட்டுல வடியுற பால், மெழுகு, கொஞ்சம் மகரந்தம். தேனீ கலந்தது, நான் கலந்ததில்ல. வாயைத் தொற."

"வோட்காவை மட்டும் தனியாக் குடு, நானே தொறக்குறேன்."

சிரித்துக்கொண்டேதான் குடித்தாள். ஒரு வாரத்தில் உதடெல்லாம் கொப்புளம். மனுஷனுக்குச் சந்தேகமே தட்டவில்லை. "உள்ள இருக்குற கெட்டதெல்லாம் வெளிய வருது, நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, பிசினை இரட்டிப்பாகப் போட்டு இன்னொரு பாட்டில் தயார் செய்து கொண்டுவந்தார். அவள் பாட்டிலைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கரண்டியை வாயில் வைத்துக்கொண்டாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் நாக்கு வீங்கி, மூச்சு முட்டி, அவளை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் மாதா பாட்டைப் பள்ளிக்கூட டீச்சர் பாடினாள். ராபோலாஸால் முழுதாகக் கேட்க முடியவில்லை. பாதியில் எழுந்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

டாக்டரம்மா பாட்டிலை முகர்ந்து பார்த்தாள். "ஐயா, இந்தப் பிசினுக்குத் தேனீ எடுக்குற மொட்டுப் பால்லயே சில பேருக்கு ஒத்துக்காத சரக்கு இருக்கு. தேனீ தொட்டதால அது போயிடாது. முதல் கொப்புளத்துலயே நிறுத்தியிருக்கணும், நீங்க கூட்டிட்டீங்க. ஒரு சொட்டுல எது எவ்வளவு இருக்குன்னு உங்களுக்கே தெரியாதே."

"தேனீ செய்றதும்மா..."

"தெரியுது. இவங்களுக்கு இனிமே தேனும் வேண்டாம். அதுலயும் இது கொஞ்சம் கலந்து வரலாம்."

அவமானம் அவரைப் பிடுங்கித் தின்றது. கட்டிலருகே போய் உட்கார்ந்தார். "எரியுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, டொமிட்சேலே!"

அவளுக்குப் பேச்சு குழறியது. "உன்கிட்ட எப்படிச் சொல்றது? என் மரத்துல இறங்கினது உன் தேனீயாச்சே."

அவள் சிரித்துக்கொண்டு குடித்ததைத் தன் மருந்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்திருந்தார், முட்டாள். வீட்டுக்கு வந்து எல்லாப் பாட்டில்களையும் முள்செடிப் பக்கம் கொட்டினார். கொட்டியும் மனசு ஆறவில்லை.

மாதக் கடைசியில் தேன் எடுத்தார். மேஜையில் கறுப்பு ரொட்டி, நீளவாக்கில் பிளந்த வெள்ளரிக்காய், தொட்டுக்கொள்ளப் புதுத் தேன். முதல் கரண்டி தேனீ உறவுக்குத்தான். டொமிட்சேலேயும் வந்திருந்தாள். குரல் இன்னும் கரகரத்தது. பழக்கதோஷத்தில் அவர் கரண்டியை அவள் பக்கம் நீட்டிவிட்டார்.

"வேண்டாம், ராபோலாஸ்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் வேண்டாம். அதை ஜூலையில் கேட்பதற்குத் தன் பெட்டிகள் அத்தனையையும் கொடுத்திருப்பார். டொமிட்சேலே வெறும் வெள்ளரிக்காயைக் கடித்தாள். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவரும் வெறும் வெள்ளரிக்காயையே எடுத்துக்கொண்டார்.