திரும்பும்போது எத்தனை பேர்

“இன்னைக்கும் காத்து சரியில்ல” என்றார் ஹால்வர், மேசையில் விரித்திருந்த வரைபடத்திலிருந்து தலையை நிமிர்த்தாமலே. முன்னறைக் கட்டிலில் படுத்திருந்த ரோசலீ ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் ஊரின் சிறிய ஓடுபாதை. அதன் ஓரத்தில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாய், துவைத்துக் காயப்போட்ட காலுறை மாதிரி அசையாமல் தொங்கியது. வானம் கழுவிவிட்டது போல் நீலமாக இருந்தது. பயணம் தள்ளிப்போவது இது ஐந்தாவது நாள். முதல் நாள் இயந்திர எண்ணெய் சரியில்லை. இரண்டாம் நாள் காற்று. மூன்றாம் நாள் எல்லைக்கு அப்பால் மேகம். நான்காம் நாள், அவர்களுடைய சிறிய விமானத்துக்கான சுங்க வில்லை இன்னும் தபாலில் வரவில்லையாம். அது ஜனவரியிலேயே வந்து விமானத்தின் கதவில் ஒட்டியாகிவிட்டது, ஒட்டியதே ரோசலீதான். நாற்பத்தைந்து வருடம் விமானம் ஓட்டிய மனிதர் வானத்தைக் காட்டிப் பொய் சொன்னால் யார்தான் என்ன செய்ய முடியும்?

ரோசலீ கனடாவின் மானிடோபாக்காரி. இருபத்துமூன்று வயதில் ஹால்வரைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டி அமெரிக்காவின் இந்த வடக்கு டகோட்டாவுக்கு வந்தவள். அவள் பிறந்த ஊரான டாஃபினில் அப்பாவின் வீடு இன்னும் இருக்கிறது, தங்கை இவெட் அதில்தான் இருக்கிறாள். “நாப்பத்தாறு வருஷம் உன் ஊர்ல இருந்தாச்சு. சாகறதுக்கு மட்டும் என் ஊருக்குப் போறேனே” என்று மார்ச் மாதம் கேட்டாள். அதைக்கூடச் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நோய் முதுகெலும்புக்குள் இறங்கிவிட்டது. பனி உருகி வெடித்துக் கிடக்கும் சாலையில் காரில் ஆறு மணி நேரம் அவளைக் கொண்டுபோக முடியாது. பிப்ரவரியில் மருத்துவமனைக்குப் போன இருபது மைலுக்கே இருக்கைப் பட்டையைக் கடித்துக்கொண்டு வந்தாள். விமானம் என்றால், காற்றில்லாத காலையில், இரண்டு மணி நேரம். எல்லைக்கு அப்பால் பிராண்டனில் இறங்கி எல்லை அதிகாரிகளிடம் காகிதங்களைக் காட்டிவிட்டு மறுபடி ஏறினால் டாஃபின். தினமும் வரும் தாதி மார்லிஸ் ஹால்வரைத் தனியாக வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொல்லியிருந்தாள்: “அவங்களால உக்கார முடியிற வரைக்கும்தான் இந்த யோசனையெல்லாம். இந்த வாரம் தாங்குவாங்களான்னே எனக்குத் தெரியல, ஹால்வர். சீக்கிரம் கெளம்புங்க.”

அவருக்கும் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொரு நாளும் கணினியைத் திறந்தார். எல்லை தாண்டுமுன் அரசாங்கத்துக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும், போகும்போது விமானத்தில் யார் யார், வரும்போது யார் யார் என்று. இவெட் வீட்டில் இணையம் வந்தால் வந்தது, இல்லாவிட்டால் இல்லை. அதனால் ஒவ்வொரு கோடையிலும் இரண்டு பட்டியலையும் புறப்படுமுன் வீட்டிலிருந்தே அனுப்பிவிடுவது அவர் வழக்கம். போகும் பட்டியல் ஒரு மூச்சில் முடிந்தது. திரும்பும் பட்டியலில் பயணிகள் என்ற கட்டம் வந்ததும் கை நின்றுவிட்டது. அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம், சட்டம் ஒன்றும் தடுக்காது. ஆனால் அங்கே போனாலும் ஒருநாள் அந்தக் கட்டத்தை நிரப்பித்தானே ஆக வேண்டும்? அவர் கணினியை மூடிவிட்டு வரைபடத்தை விரிப்பார். பிறகு காற்றின் மேல் பழி போடுவார்.

“ஹால்வர், அந்தக் கம்ப்யூட்டரை இங்க கொண்டா.”

“எதுக்கு?”

“காத்து எங்க அடிக்குதுன்னு நானும் பாக்கறேன்.”

அவர் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். அதன் கனமே அவளுக்கு வலித்தது, பக்கத்தில் நகர்த்தி வைக்கச் சொன்னாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

“போறது முடிச்சிட்ட. வர்றதுல ஏன் ஒண்ணுமே போடல?”

“அப்புறம் போட்டுக்கலாம்னு…”

“அஞ்சு நாளாவா? அட கிழவா, எண்ணெய் சரியில்லன்னு நீ மொத நாள் சொன்னப்பவே எனக்குத் தெரியும். நீ பல்லு தேய்க்க மறந்தாலும் அந்த எண்ணெயைப் பாக்க மறக்க மாட்டியே.”

“ரெண்டு பேருன்னு போட்டுடறேன், ரோசலீ. இருந்துட்டுப் போகட்டும்.”

“போடு. நீ இங்க வந்து எறங்குனதும் அதிகாரி பக்கத்து சீட்டைப் பாப்பான். அம்மா எங்கன்னு கேப்பான். அதுக்கு நீ பதில் சொல்லணும், அதுவும் தனியா நின்னு. அதை நெனைச்சா எனக்கு இப்பவே தாங்கல.”

அவள் ஒற்றை விரலால் தட்டினாள். விமானி ஒருவர். பயணிகள் இல்லை. அனுப்பும் பொத்தானையும் அவளே அழுத்தினாள். ஹால்வர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வாயைப் பொத்திக்கொள்ளக்கூடத் தோன்றாமல் அழுதார். அவள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“அழுது முடிச்சிட்டு கனடாக்காரங்களுக்குப் போன் போடு” என்றாள்.

தொலைபேசியில் வந்த பெண் அதிகாரி சின்னவள். எத்தனை மணிக்கு இறங்குவீர்கள், துப்பாக்கி உண்டா, மது உண்டா என்று கேட்டுவிட்டு, “கூட வர்றவங்க எத்தனை நாள் தங்குவாங்க?” என்றாள்.

“அவ ஊரே அதுதாம்மா. வீட்டுக்குப் போறா” என்றார். அந்தப் பெண் மேற்கொண்டு கேட்காமல், நாளைக் காலை பத்து மணிக்கு இறங்கலாம் என்று சொல்லி, இறங்கியதும் காட்ட ஓர் எண்ணைக் கொடுத்தாள். இவெட்டுக்குச் சொன்னதும் அவள் சூப்புக்குப் பட்டாணி ஊறப்போடப் போவதாகச் சொல்லிவிட்டு அழுதாள்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குக் கதவைத் திறந்த ஹால்வருக்கு எதிரே சாலை இல்லை. மூடுபனி வாசற்படி வரை வந்து நின்றது. அவர் நினைவை வைத்தே சாலையைக் கடந்து விமானத்தைத் தடவிக் கண்டுபிடித்தார். ஒரு இறக்கையின் நுனியில் நின்றால் மறு நுனி தெரியவில்லை. வானிலை நிலையத்துக்காரர் தொலைபேசியில் நல்லவிதமாகத்தான் சொன்னார்: உருகும் பனியின் மேல் வெதுவெதுப்பான காற்று வந்து உட்கார்ந்துகொண்டது, ஞாயிறு வரை கலையும் என்று தோன்றவில்லை. அன்று வியாழன். மேகத்துக்குள் பறக்க ஹால்வரிடம் உரிமம் கிடையாது, அந்தப் பழைய விமானத்தில் அதற்கான கருவிகளும் கிடையாது. ஐந்து நீல நாட்கள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்தன. அவற்றை அவரே தன் கையால் குப்பையில் போட்டிருந்தார். வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை.

வீட்டுக்குள் திரைச்சீலை இன்னும் மூடியிருந்தது. ரோசலீ விழித்திருந்தாள். மார்லிஸ் சீக்கிரமே வந்து அவளுக்கு நீலக் கம்பளிச் சட்டை போட்டு, தலைவாரி விட்டிருந்தாள்.

“ரோசலீ, மூடுபனி.”

அவள் அவரையே பார்த்தாள். “சரி” என்றாள்.

“இல்ல, இன்னைக்கு நெசமாவே. வேணும்னா திரையைத் தொறந்து காட்டறேன்.”

“வேணாம், ஹால்வர். நீ சொன்னா சரிதான்.”

அவள் திட்டியிருக்கலாம். பொய்க்காரா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது அவர் நின்றிருப்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, “என்னைக் கொண்டுபோய் அதுல உக்கார வை” என்றாள்.

“பறக்க முடியாதுடி…”

“பறக்கவா சொன்னேன்? உக்காரத்தான்.”

ஹால்வர் மார்லிஸைப் பார்த்தார். அவள் மருந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, சக்கர நாற்காலியை விரித்தாள். இருவருமாகச் சாலையைக் கடந்து, நாற்காலியிலிருந்து அவளைத் தூக்கினார்கள். ஒரு சத்தம் அவள் பல்லுக்குள்ளிருந்து வந்தது, அவ்வளவுதான். ஹால்வர் பஞ்சு மெத்தை போட்ட இருக்கையில் அவளைச் சாய்த்து, பட்டையை மாட்டி, மறுபக்கம் ஏறி உட்கார்ந்தார். எதிரே இயந்திரத்தின் மூக்குக்கு அப்பால் ஒன்றுமே இல்லை. சாவி அவர் சட்டைப் பையில் கிடந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

ரோசலீ முடிந்தவரை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு நீலச் சட்டையின் கையை உள்ளங்கை வரை இழுத்துவிட்டு, முன்கண்ணாடியை எட்டித் துடைத்தாள். ஒன்றும் மாறவில்லை. மறுபடி, இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடைத்தாள். மூடுபனி கண்ணாடிக்கு வெளியேதான் இருக்கிறது என்று சொல்ல ஹால்வர் வாயெடுத்தார். சொல்லவில்லை. அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.