பச்சைக்கு மேல் பழுப்பு

1.

இந்தக் கதை எனக்கு ஒரு கல்யாணச் சாப்பாட்டில் ஓசியில் கிடைத்தது. பக்கத்து நாற்காலிக்காரர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சொன்னார்: "எழுபதுகள்ல இங்க டொராண்டோவுல ஒருத்தர், பொண்டாட்டி படத்துக்கே கற்பூரம் காட்டிட்டாரு சார். பஜனைல, எல்லார் முன்னாடியும்!" சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ரசம் கேட்டார். அவரைப் பொறுத்தவரை கதை முடிந்துவிட்டது.

எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தப் பெண்டாட்டி அப்போது எங்கே இருந்தாள், என்ன செய்தாள் என்று கேட்டேன். "அது தெரியாதுங்க" என்றார். இத்தனை வருஷமாகச் சிரிக்கிற பாகத்தை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவளை எங்கேயோ தொலைத்துவிட்டார்கள். ஆகவே மீதியை நான் இட்டுக்கட்டுகிறேன். பெயர், வேலை, வகுப்பு எல்லாம் என் கைச்சரக்கு.

2.

*டொராண்டோவில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மார்கழி ஞாயிறு, அன்னம்—*

(வேண்டாம். கனடாக் கதை என்றால் பனியில்தான் தொடங்க வேண்டுமென்று எவனோ சட்டம் போட்டுவிட்டான்.)

*அன்னத்துக்குச் சின்ன வயதிலிருந்தே ஓவியம் என்றால்—*

(பொய். அவளுக்கு ஓவியத்தோடு எந்த ஒட்டுறவும் கிடையாது. டொராண்டோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஓர் அடுக்குமாடி வீடு. புருஷன் வேலைக்குப் போனால் பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். கீழ்வீட்டுக்காரி ஒரு பள்ளிக்கூடத்தின் மாலை வகுப்பில் படம் வரையக் கற்கப் போகிறாள் என்று தெரிந்து தானும் சேர்ந்தாள். கீழ்வீட்டுக்காரி சீக்கிரமே நின்றுவிட்டாள். அன்னம் நிற்கவில்லை.)

சரி, தொடங்கியாயிற்று. இப்படியே போவோம்.

3.

வகுப்பில் முதலில் கரித்துண்டு கொடுத்தார்கள், அப்புறம் நீர்வண்ணம். நீர்வண்ணம் அவள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆப்பிளின் சிவப்பு மேசை வரைக்கும் ஓடியது. அதற்குப் பிறகு பாஸ்டல் குச்சிகள் வந்தன, அன்னம் அதில் மயங்கி விழுந்துவிட்டாள்.

பாஸ்டல் என்பது நிறப்பொடியைக் குச்சியாகப் பிடித்து வைத்தது, அவ்வளவுதான். தாளின் சொரசொரப்பைப் பற்றிக்கொண்டு தூள் சும்மா நிற்கும். விரல் பட்டால் விரலோடு வந்துவிடும். இதை மறந்துவிடாதீர்கள், கதையே இதில்தான் இருக்கிறது.

பெட்டியில் 'சதை நிறம்' என்று ஒரு குச்சி இருந்தது. ரோஸ். அதைப் பூசித் தன் முகத்தை வரைந்து பார்த்தாள். காய்ச்சலில் கிடக்கும் பொம்மை மாதிரி வந்தது. ஆசிரியை மிஸஸ் க்ரீர் அந்தக் குச்சியைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். "உன் நிறத்துக்கு முதலில் முகம் முழுக்கப் பச்சை பூசு. அதன் மேல் பழுப்பு. வெறும் பழுப்பு செங்கல் மாதிரி இருக்கும், அடியில் பச்சை இருந்தால்தான் உயிர் வரும்" என்றார்.

ஜனவரியில் முகம் வரைவதற்கென்றே தனி வகுப்பு. இடம் கொஞ்சம்தான். சேர நினைப்பவர்கள் தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்து, திங்கட்கிழமை கொண்டுவந்து காட்ட வேண்டும். அன்னத்துக்கு அந்த இடம் வேண்டும். இந்த நாட்டுக்கு வந்தபின் அவள் தனக்கென்று ஆசைப்பட்ட முதல் பொருள் அதுதான்.

புருஷன் பெயர் தட்சிணாமூர்த்தி. மிசிசாகாவில் விமான உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் இன்ஜினியர். "பொழுது போகுதுல்ல, போயிட்டு வா" என்பார். தங்கமான மனுஷர். ஆனால் அவள் கொண்டுவந்த ஒரு படத்தைக்கூட நின்று பார்த்ததில்லை.

(இவரை வில்லனாக்கினால் எனக்கு வேலை சுலபம். முதல் பிரதியில் ஆக்கியும் பார்த்தேன். மனுஷன் வண்ணப் பெட்டியைத் தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தார். அந்த வரியை அடித்துவிட்டேன். எறிய வேண்டுமென்றால் முதலில் அந்தப் பெட்டி கண்ணில் பட்டிருக்க வேண்டுமே.)

4.

அந்தத் திங்களுக்கு முந்தின ஞாயிறு பிற்பகல் பஜனை இவர்கள் வீட்டில். மாதம் ஒரு வீடு என்று முறை வைத்திருந்தார்கள். மதுரை மீனாட்சி படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்தோடு வீடு வீடாகச் சுற்றிவரும். போன மாதம் பக்கத்து ஊரான ஒஷாவாவில் ஒரு வீடு.

காலையில் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரக் கூந்தலை ஒரு பக்கமாகக் கொண்டை போட்டுக்கொண்டு, அன்னம் படுக்கையறைக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்தாள். பொட்டு, மூக்குத்தி, சரிந்த கொண்டை எல்லாம் தாளில் வந்துவிட்டன. முகம் முழுக்கப் பச்சை பூசியாயிற்று. பழுப்பை பஜனை முடிந்தபின் ஏற்றிக்கொள்ளலாம் என்று படத்தைச் சாய்த்து வைத்துவிட்டுச் சுண்டல் தாளிக்கப் போனாள்.

எல்லாரும் வந்து செருப்பையும் கோட்டையும் கழற்றிய பிறகு ஒஷாவாவிலிருந்து போன் வந்தது. காரைப் பனி மூடிவிட்டதாம், வர வழியில்லையாம். படமும் அங்கேதான். தட்சிணாமூர்த்திக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேட்டி மாற்றப் படுக்கையறைக்குள் போனவர் அப்படியே நின்றார்.

பச்சை முகம். மூக்குத்தி. சரிந்த கொண்டை.

(மீனாட்சி பச்சை மேனிக்காரி. தெரிந்தவர்கள் இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகலாம்.)

வேறு ஊர்க்காரன் என்றால், பாவம், யாரோ உடம்பு சரியில்லாத பொம்பளை என்று நினைத்திருப்பான். இவர் மதுரை மேலமாசி வீதியில் பிறந்தவர். "அடி ஆத்தாடி! சொல்லவே இல்லையே இவ!" என்று வாய்விட்டுச் சொன்னார். பெண்டாட்டி யாருக்கும் தெரியாமல் அம்மனை வரைந்து வைத்திருக்கிறாள் என்று அவருக்குப் பூரித்துப்போயிற்று. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

5.

நாற்காலியில் பட்டுத்துணி விரித்து, படத்தை வைத்து, கடையில் வாங்கிய கார்னேஷன் பூவைத் தொடுத்துப் போட்டார்கள். நெற்றியில் யாரோ குங்குமம் அப்பினார்கள். யாழ்ப்பாணத்துப் பவளம் அக்கா, பஜனையில் முன்பாட்டுக்காரி, கிட்ட வந்து பார்த்துவிட்டு, "ஆர் உதைக் கீறினது? உயிரோட இருக்கிற ஆள் மாதிரியெல்லோ கிடக்கு" என்று வரைந்த ஆளை விசாரித்தார்.

"என் சம்சாரம்தான்" என்றார் தட்சிணாமூர்த்தி. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

கற்பூரம் காட்டினார். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொருவராக வந்து படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். கண்ணாடி போட்ட படம் என்றால் ஒன்றும் ஆகாது. நம் ஜனங்களுக்குக் கை சும்மா இராது. சாமி என்றால் தொட்டே ஆக வேண்டும்.

அன்னம் சுண்டல் பாத்திரத்தோடு வந்தபோது ஹாலில் பாதிப் பேருக்கு இமையில் பச்சை. படத்தில் அவள் முகவாய் போயிருந்தது. புருஷன் எழுந்து, இடது கன்னத்தைத் தொட்டு, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை போச்சே என்று நினைத்தாள். அதற்கு ஒரு கணம் முன்னால் வேறொன்றும் வந்தது, சந்தோஷம் மாதிரி. அவள் படம் எதையும் நின்று பார்க்காத மனுஷன், கைகூப்பி, கண் நனைந்து, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கு அவமானமாக இருந்தது.

6.

இங்கே மாட்டிக்கொண்டேன். எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) "ஐயோ, அது நான்!" என்று கத்துகிறாள். எல்லாரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கோட்டை மாட்டுகிறார்கள். சுண்டல் அப்படியே மிஞ்சுகிறது. (ரசம் கேட்டவருக்கு இது பிடிக்கும். அவரே வைத்துக்கொள்ளட்டும்.)

ஆ) வாயே திறக்காமல் அவளும் விழுந்து கும்பிடுகிறாள். படம் பூஜை அலமாரிக்குப் போகிறது. வாசகர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள், வகுப்பில் அவள் இடம் வேறு யாருக்கோ போய்விடும். (மாட்டேன். இதற்கா இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்?)

இ) அவள் மிஸஸ் க்ரீரிடம் போய் நடந்ததை விளக்கி—

(யார் விளக்குவது? அதுவும் இங்கிலீஷில்?)

7.

"வா அன்னம், நீயும் தொட்டுக் கும்பிடு" என்றார் தட்சிணாமூர்த்தி.

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். படுக்கையறைக்குப் போய் வண்ணப் பெட்டியை எடுத்துவந்து நாற்காலி முன்னால் சம்மணமிட்டாள். மாலையைக் கழற்றினாள். குங்குமத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

"என்னம்மா பண்ற? சாமி படம்!" என்று பின்னாலிருந்து ஒரு பதறல்.

"இன்னும் முடியலைங்க. முடிச்சிடுறேன். நீங்க பாடுங்க."

வேறென்ன செய்வார்கள்? பாடினார்கள். அவள் பழுப்பை எடுத்து முதலில் நெற்றிக்குப் பூசினாள். அப்புறம் மூக்கு. அழிந்துபோன முகவாயைத் திரும்பப் போட்டாள். பச்சை அடியில் போகப் போக ஜால்ரா தாளம் தப்பியது. ஒரு குரல் நின்றது. இன்னொன்றும் நின்றது. பவளம் அக்கா மட்டும் விடாமல் பாடினார். வலது கன்னம் முடிந்தபோது அவரும் நிறுத்திவிட்டார்.

இடது கன்னம்தான் பாக்கி, புருஷன் விரல் பட்ட இடம். தட்சிணாமூர்த்தி அணைந்த கற்பூரத் தட்டோடு அவள் தோளுக்குப் பின்னால் நின்று குனிகிறார். படத்தைப் பார்க்கிறார். படத்தை விட்டுவிட்டு, வரைகிறவளின் பக்கவாட்டு முகத்தைப் பார்க்கிறார். இவ்வளவு நேரம் அவர் பார்த்து நான் எழுதியதில்லை.

அவரை "அன்னம்" என்று சொல்ல வைத்தேன். அவ்வளவு சுலபமாக அவரைத் தப்பிக்க விட மனசில்லை, அடித்துவிட்டேன். "தாயே, மன்னிச்சிரு" என்று மறுபடி அம்மனிடமே போக வைத்தேன். அப்போதும் அவளைப் பார்த்த பாடில்லை, அதையும் அடித்துவிட்டேன். இனி என்னால் ஆகாது. நீங்களும் அந்த ஹாலில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள், உங்கள் இமையிலும் பச்சை இருக்கிறது. அவர் வாயைத் திறக்கிறார். என்ன சொல்கிறார் என்று நீங்கள் சொல்லுங்கள், கொஞ்சம் உரக்கவே சொல்லுங்கள். அவள் திரும்பிப் பார்க்கப் போவதில்லை, ஆனால் காதைத் தீட்டிக்கொண்டுதான் வரைகிறாள்.