பொட்டு வைத்த கேமரா பெட்டி

கேளுங்க கண்ணுகளா. வடக்குப்பட்டு பக்கம் கார் பாகம் அடிக்கிற சின்னக் கம்பெனி ஒன்று. அங்கே ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் உண்டு. கேமரா படம் பதிவாகும் பெட்டிக்கும் உண்டு. அலமாரியில் படுத்திருந்த அந்தப் பெட்டியை, பொட்டு தெரியட்டும் என்று சுவரில் சாய்த்து நிறுத்தியவள் தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டும் காவேரி. பூஜை முடிந்தும் அது சாய்ந்தபடியே நின்றது.

ஒருநாள் காலை, காவேரி தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவளுடைய பிரஸ்ஸின் அச்சு உடைந்தது. உள்ளே ஸ்பேனர் கிடந்தது.

"நீதான் உள்ள உட்டுட்டு போயிருக்க. ஷிஃப்ட் முடிஞ்சதும் ஐடி கார்டை குடுத்துட்டு கெளம்பு" என்றார் சூப்பர்வைசர் வசந்தகுமார்.

"ஸ்பேனர பலகைல மாட்டிட்டுதான் சார் போனேன். கேமராவ பாருங்க."

பார்த்தார்கள். படம் நின்றது, தாவியது, மறுபடி நின்றது. கேமரா மெக்கானிக் ஷெர்லின் ஒரகடத்திலிருந்து வந்து சேரும்வரை அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை.

"இத இப்டி யாரு சாச்சி வெச்சது?" என்று கேட்டாள் ஷெர்லின்.

"நான்தாங்க்கா. பூஜைக்கு."

"சாட்சிக்கே பொட்டு வெச்சி வழியனுப்பிட்டியா?" என்றபடி வசந்தகுமார் பெட்டியைப் படுக்கவைக்கக் கை நீட்டினார்.

"தொடாதீங்க சார், உள்ள ஹார்ட் டிஸ்க் சுத்திகினு கீது" என்று ஷெர்லின் தடுத்தாள். "படுக்க வெச்சாலும் ஓடும், நிக்க வெச்சாலும் ஓடும். ஆனா பிடிமானம் வேணும். இது சாஞ்சிகினு, பிரஸ் அடிக்கிற அடிக்கெல்லாம் ஆடிகினு கீது. அப்புறம் எப்டி படத்த ஒழுங்கா எழுதும்? எழுதினத படிக்கவும் ஆடாம இருக்கணும். கொஞ்சம் லைன நிறுத்துங்க."

"டார்கெட் யாரு குடுப்பா? டீ பெல் அடிக்கட்டும்" என்றார் வசந்தகுமார்.

ஷெர்லின் பெட்டியை அணைத்தாள். சுழற்சி அடங்கியதும் தூக்கிப்போய், லைனுக்கு எட்டாத மூலையில், தரையோடு திருகி இறுக்கினாள். காவேரி பெல்லையே பார்த்திருந்தாள். உள்ளே எழுதாமல் போனது போனதுதானே?

பெல் அடித்தது. பிரஸ்கள் ஓய்ந்தன. படம் ஓடியது. காவேரி ஸ்பேனரைப் பலகையில் மாட்டுகிறாள். பாட்டிலோடு வெளியே போகிறாள். அதோடு படம் தாவியது. அடுத்த காட்சியில் பலகை காலி, பிரஸ்ஸைச் சுற்றிக் கூட்டம். ஸ்பேனரை எடுத்தது யார் என்பது பதிவில் இல்லவே இல்லை.

வசந்தகுமார் தாடையைச் சொறிந்தார். "சரி. கார்டு ஒன்கிட்டயே இருக்கட்டும். நீ அடுத்த பிரஸ்ல போய் நில்லு."

லைன் மறுபடி அதிர்ந்தது. காவேரி முதலில் மூலைக்குத்தான் ஓடினாள். பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தாள். ஆடவில்லை. இருந்தும் கையை எடுக்க மனம் வரவில்லை அவளுக்கு.