இடையில் முளைத்த கை

"இன்னும் மெதுவா போடு," என்றாள் அக்கா.

அவன் வீடியோவின் வேகத்தை ஐம்பது சதவீதத்திலிருந்து இருபதுக்கு இறக்கினான். கூடத்தில் அம்மாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். மயான வண்டி வர முக்கால் மணி நேரம் இருந்தது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவும் தம்பியும் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தார்கள். பிறந்தநாள் வீடியோக்களில் பிள்ளைகள் மெழுகுவர்த்தி ஊதுவதை மெதுவாக்கிக் காட்டி, சொந்தக்காரர்களிடம் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதே மென்பொருள்தான். இன்று அதில் அம்மா மாடிப்படியில் விழுந்துகொண்டிருந்தாள். அந்தப் படிக்கட்டில் கேமரா மாட்டியவனும் அவனே.

அம்மாவுக்கு ஒரு படி மேலே அவன் மனைவி. இயல்பான வேகத்தில் எல்லாம் இரண்டு செகண்டுக்குள் முடிந்துவிட்டது, ஒரு மண்ணும் புரியவில்லை. இப்போது மனைவியின் கை மெல்ல மெல்ல நீண்டது. அம்மாவின் முதுகைத் தொட்டது. அம்மா சாய்ந்தாள். அவள் அலறல் இழுபட்டுத் தடித்து, மாடு கத்துவது போல் கேட்டது. அவன் சத்தத்தை நிறுத்தினான்.

"பார்த்தியா? தள்ளியிருக்கா."

"வாய்க்கு வந்ததைச் சொல்லாதக்கா."

"நானா சொல்றேன்? உன் பொட்டிதானே சொல்லுது! போன வாரம் இவளோட சண்டைன்னு அம்மா போன்ல அழுதாங்க. வண்டி வர்றதுக்குள்ள எல்லார் முன்னாடியும் இதைப் போடப்போறேன்."

பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவள்தான் தள்ளினாள் என்று அவனும் அந்த நிமிடம் நம்பிவிட்டான். அதுதான் கொடுமை.

மறுபடி ஓட்டினான். கை முதுகைத் தொடும் இடத்தில் நிறுத்தினான். ஏதோ உறுத்தியது.

"அக்கா, விரலை எண்ணு."

"ஏன்டா... அஞ்சு, ஆறு... ஏழு இருக்கே?"

"இந்தக் கேமரா செகண்டுக்குப் பத்துப் படம்தான் எடுக்கும். மெதுவாக்கினா நடுவுல படம் பத்தாது. இதுவே குத்துமதிப்பா வரைஞ்சு நிரப்பிடும். இந்தக் கை நிஜமில்லக்கா."

நிரப்பும் வசதியை அணைத்தான். காட்சி இப்போது வெட்டி வெட்டி நகர்ந்தது. அம்மாவின் கால் விளிம்பில் வழுக்குகிறது. மனைவியின் கை இன்னும் கைப்பிடிக் கம்பியில். அடுத்த படத்தில் அம்மா சாய்ந்துவிட்டாள், கை அப்போதுதான் பாய்கிறது. அதற்கும் அடுத்ததில் மனைவியின் பிடியில் அம்மாவின் சால்வை மட்டும் இருந்தது.

"பாவி, என்ன பேச்சு பேசிட்டேன்," என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள்.

வாசலிலேயே நின்றிருந்தாள் அவன் மனைவி.

"வண்டிக்காரர் போன் பண்ணாரு அண்ணி. சீக்கிரமே, பத்து நிமிஷத்துல வந்துடுவாராம்."

அக்கா அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் அழவில்லை. அக்காவின் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தாள், பிறகு அவனை.

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

அவன் மடிக்கணினியின் மூடியை அவசரமாகச் சாத்தினான். எழுந்து பக்கத்தில் போனபோதுதான் அவள் கையில் இருந்தது கண்ணில் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும், திரும்பி வந்தபோதும், வந்தவர்களுக்குப் பதில் சொன்னபோதும் அது அவள் கையில்தான் இருந்திருக்கிறது.

"காலையிலேருந்து பிடிச்சிட்டு நிக்கிற. இப்படிக் குடு."

சால்வையின் நுனியை மெதுவாக இழுத்தான். அவள் விடவில்லை.