சாக மறுத்த கிருமி

மூடிப்போன அலுமினிய ஆலைக்குப் பின்னால் ஒரு குட்டை. ஆலைக் கழிவிலிருந்த ஃப்ளூரைடு நஞ்சு கலந்து கலந்து, அதில் மீன், தவளை எதுவும் கிடையாது. அந்தச் சேற்றிலும் உயிரோடு இருந்த ஒரு பாக்டீரியாவை அவள் ஆய்வகத்தில் வளர்த்துவந்தாள். உள்ளே நுழையும் ஃப்ளூரைடை அது ஒரு புரதத்தின் வழியாக வெளியே தள்ளிவிடும். அதுதான் காரணமா என்று பார்க்க, அந்தப் புரதத்துக்கான மரபணுவை அவள் வெட்டி எடுத்துவிட்டாள். இனி ஃப்ளூரைடு கலந்த வளர்ப்புத் தட்டில் அது பிழைக்கக் கூடாது.

பிழைத்தது.

"வேற கிருமி ஏதாவது கலந்திருக்கும். கவனமா செய்யுங்க," என்றார் ஆய்வகத் தலைவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மற்றவர்கள் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டார்கள். பழைய கட்டடத்தில் அவளும், உறுமிக்கொண்டே இருக்கும் ஒரு குளிர்பெட்டியும்தான் மிச்சம். வீட்டிலும் ஆளில்லை. கணவர் பிரிந்துபோய் வெகுகாலம். மகளுக்கு வெளியூரில் வேலை.

"என்னம்மா, செத்துச்சா?" என்பாள் மகள் ஃபோனில்.

"எங்கடி? குத்துக்கல்லாட்டம் இருக்கு."

"உன் பிடிவாதம் அதுக்கும் ஒட்டிக்கிச்சு போல."

இருவரும் சிரிப்பார்கள். அதற்குள் மகளை யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

அவள் முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தாள். வேறு கிருமி எதுவும் கலக்கவில்லை. மரபணுத் தொகுதி முழுவதையும் படித்துப் பார்த்தபோது ஒரு மூலையில் இன்னொரு மரபணு அகப்பட்டது. ஃப்ளூரைடை வெளியேற்ற வேறு வகையான இரண்டாவது புரதம்! அதையும் வெட்டினாள்.

ஒரு காலை. ஃப்ளூரைடு இல்லாத தட்டில் கிருமி மொசுமொசுவென்று வளர்ந்திருந்தது. ஃப்ளூரைடு தட்டு துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. அப்படியென்றால் அந்த இரண்டாவது புரதம்தான் இத்தனை நாளும் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

மகளைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. தலைவரைக் கூப்பிட்டாள். "அப்படியா, நல்லது. எழுதி அனுப்புங்க." அவ்வளவுதான்.

இரண்டு தட்டுகளையும் மூடி, டப்பாவில் வைத்து எடுத்துக்கொண்டு புதுக் கட்டடத்துக்கே நடந்தாள். அங்கே யாருக்கோ பிறந்தநாள். ஒரே கலகலப்பு. தெரிந்த முகங்கள் ஒன்றிரண்டு தலையசைத்தன. புதிதாகச் சேர்ந்த ஒருத்தி கேக் துண்டை நீட்டி, "நீங்க எந்தப் பிரிவுங்க?" என்று கேட்டாள்.

"இங்கதான்," என்றாள் அவள். "பழைய கட்டடம்."

"ஓ, அங்க இன்னும் ஆள் இருக்காங்களா?"

கிண்டலில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்ட கேள்வி. அதுதான் சுருக்கென்றது. டப்பாவைத் திறக்கவே அவளுக்கு மனம் வரவில்லை.

கேக் துண்டோடு வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. டப்பாவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கேக்கை நிதானமாகத் தின்றாள்.